சித்தூர்ப்புழைப் பாசனக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்



மூலத்தறை ரெகுலேட்டரிலிருந்து பிரியும் இடதுகரைக் கால்வாயிலும் வலதுகரைக் கால்வாயிலும், அவற்றின் கிளைகளிலும், காடா சால் என்று நாம் வழங்கும் சிறு வாய்க்கால்களிலும், தலைமடையானாலும் கடைமடையானாலும் எவ்விடத்தில் நிலம் வாய்க்கப்பெற்றவராயினும், சித்தூர்ப்புழைத் தண்ணீரைக் கொண்டு சாகுபடி செய்து ஜீவனம் நடத்தும் உங்கள் அனைவருக்கும், நானும் உங்களில் ஒருவன் என்ற ஒரே உரிமையைக் கொண்டு இந்த மடலை எழுதத் துணிகிறேன்.

இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. முதற்போகத்தை எவ்விதமோ மழை கரையேற்றிவிடும். இரண்டாம் போகமோ பெரும்பாலும் வாய்க்காலையே நம்பி நிற்பது. நட்ட பயிர் வேர்பிடித்துத் தூர் கட்டி முடிவதற்குள் மழை ஓய்ந்து, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கீழ்காற்று வீசத் தொடங்கிவிடும் என்பதும், அந்தக் காற்று இறங்கிவிட்டால் இன்று வயலில் தளும்பி நின்ற நீர் சில நாட்களுக்குள் சேறாகி, அந்தச் சேறும் வெடிப்புக் கண்டுவிடும் என்பதும் நீங்கள் அறியாதனவல்ல. பயிர் பொதி கட்டிக் கதிரை வெளியே தள்ளும் சமயத்தில் ஒரு நனைப்புத் தவறினாலும், அதன்பின் எத்தனை தண்ணீர் பாய்ச்சினாலும் பதரை நெல்லாக்க இயலாது என்பதைக் கடைமடையில் உழுதவர்கள் எவரும் ஒருமுறையேனும் கண்ணீரோடு அறிந்திருக்கிறார்கள்.

நம் வாய்க்காலில் ஓடும் நீர் எவ்விதம் நம்மை வந்தடைகிறது என்பதைச் சற்றே நினைவுகூர்வது, நான் சொல்லவிருக்கும் விஷயத்துக்கு அவசியமாகிறது. ஆனைமலையின் மேற்கு நோக்கி ஓடும் ஆறுகளைத் தடுத்துக் கிழக்கே திருப்பும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் பொருட்டு, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதற்கொண்டே அமலில் இருப்பதாகக் கொள்ளப்பட்ட ஒப்பந்தத்தின்படி, ஆண்டொன்றுக்கு 7.25 டி.எம்.சி., அதாவது 725 கோடி கன அடித் தண்ணீர், மணக்கடவில் அளந்து நம் ஆற்றில் விடப்பட வேண்டும். வருஷம் முழுவதும் இரவு பகலாக ஒரே சீராக ஓடுவதாகக் கொண்டால், விநாடிக்குச் சுமார் 230 கன அடி ஓடும் ஒரு பிரவாகம் அது. பதினைந்து நாட்களுக்கு இவ்வளவு என்று அட்டவணை உண்டு; அதை மேற்பார்வையிட இரண்டு ராஜ்யங்களின் அதிகாரிகளும் அடங்கிய சபை உண்டு. அளவு குறைகிற ஆண்டுகளில் நாம் கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும் கூடிப் பேசுகிறோம், இரண்டு சர்க்கார்களுக்கும் மனு எழுதுகிறோம். அந்தப் பிரயத்தனத்தில் நான் சிறிதும் குறை காணவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதைக் கேட்பது நம் உரிமையே ஆகும்.

ஆனால், மணக்கடவில் ஒரு கன அடி குறைந்தால் கணக்குக் கேட்கும் நாம், அதே நீர் மூலத்தறையைக் கடந்து நம் கிளை வாய்க்காலுக்குள் நுழைந்த பின், எந்த மடையில் எவ்வளவு போயிற்று என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. கேட்டாலும் விடை சொல்லுவதற்கு, எனக்குத் தெரிந்த கிளைகளில், ஓர் அளவுகல் கூட இல்லை. இரண்டு ராஜ்யங்களுக்கு நடுவே அளவும் அட்டவணையும் வேண்டும் என்று வற்புறுத்தும் நம்மிடையே, வைக்கோற்புரியும் சாக்கு மூட்டையும் வாழைத்தண்டும் இரவில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதுமே பங்கீட்டின் கருவிகளாக இருந்துவருகின்றன. முதலமடை, வண்ணாமடை, மூங்கில்மடை என்று நம் சித்தூர்த் தாலுகாவில் ஊர்ப்பெயர்களே மடை என்ற ஒலியில் முடிவதைக் கேட்குந்தோறும், சொல்லின் பிறப்பைப் பண்டிதர்கள் எவ்விதம் விளக்கினாலும், மடையை அறிந்த ஜனங்கள் வாழ்ந்த பூமி இது என்றே என் மனம் எண்ணுகிறது. அந்த அறிவை நாம் கைவிட்டுவிட்டோமோ என்ற துக்கமும் உடனே எழுகிறது.

பிறரைக் குறைகூற முன்வருகிறவன் தன் வீட்டுக் கணக்கை முதலில் விரித்து வைப்பதே மரியாதை. எங்கள் குடும்பத்துக்கு முன்பு தலைமடையில் நிலம் இருந்தது. கிளை வாய்க்காலின் கரையில் எங்கள் மடைக்கு ஓர் அடிக்கல் உண்டு. அந்தக் கல்லின் தலைக்கு மேல் வழியும் நீரே எங்கள் வயலுக்குப் பங்கு. ஒரு வறட்சிக் காலத்தில், நான் பதினாறு வயதுச் சிறுவனாக லாந்தர் பிடித்துக்கொண்டு நிற்க, என் தந்தையார் அந்தக் கல்லைப் பெயர்த்து, நான்கு விரற்கடை ஆழமாகப் பதித்துவிட்டுச் சேற்றைப் பூசினார். நான்கு விரற்கடைதானே என்று அப்போது எனக்குத் தோன்றிற்று. கல்லின் மேல் எட்டு விரற்கடை உயரம் வழிந்த நீர், கல் இறங்கியதும் பன்னிரண்டு விரற்கடை வழியும்; உயரம் ஒன்றரை மடங்கு ஆயிற்று; ஆகவே நீரும் ஒன்றரை மடங்குதான் ஆகும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அவ்விதமன்று. வழிகிற நீரின் உயரம் கூடும்போது அதன் அகலம் மாறாவிட்டாலும் வேகமும் சேர்ந்து கூடுகிறபடியால், போகும் தண்ணீர் ஒன்றே முக்கால் மடங்குக்கும் அதிகமாகிவிடுகிறது. இதை நான் பின்னாளில் நீரியல் புத்தகமொன்றில் படித்து அறிந்தேன். அந்த இரவின் நான்கு விரற்கடை, பகலிலும் இரவிலும், நாங்கள் உறங்கும்போதும் கோயிலுக்குப் போயிருக்கும்போதும், பல ஆண்டுகள் ஓயாமல் பிறர் பங்கை எங்கள் வயலுக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பின்பு பாகப்பிரிவினையில் தலைமடை நிலம் என் தமையனாருக்கும், அதே கிளையின் கடைசியிலுள்ள நிலம் எனக்கும் வந்தது. முதல் ஆண்டிலேயே பால் பிடிக்கும் பருவத்தில் என் பயிர் கருகிற்று. வாய்க்காலின் அடியில் ஈரம் மட்டும் இருந்தது. மேலே நடந்து போய்ப் பார்த்தபோது, வழியில் பதினோரு மடைகள் திறந்திருந்தன, அவற்றில் முதல் மடையின் அடிக்கல் நான் லாந்தர் பிடித்த கல்லாக இருந்தது.

இதை எழுதுவது பரிதாபம் சம்பாதிப்பதற்கன்று. தலைமடைக்காரரைப் பேராசைக்காரர் என்று சொல்லுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரண்டு இடத்திலும் நின்று பார்த்தவனாகச் சொல்லுகிறேன்: தலைமடையில் எங்களை ஆட்டிவைத்தது ஆசையைவிட அச்சமே. இன்று ஓடும் தண்ணீர் நாளை ஓடுமா, ஷட்டரை எப்போது இறக்குவார்கள், மறுமுறை எத்தனை நாள் கழித்து வரும் என்பது தெரியாதபோது, கண்ணெதிரே ஓடுவதை வயலில் தேக்கி வைக்காமல் விடுவதற்கு எந்தக் குடியானவனுக்கும் மனம் வராது. தேவைக்கு மேல் தேக்கிய நீர் வரப்பை உடைத்து ஓடையில் வீணாகிறது. ஆயினும் அச்சம் அடங்குவதில்லை. ஆகையினால், தண்டனையும் காவலும் அதிகமாக்குவதால் மட்டும் இது தீராது. வாய்க்காலில் வருவது எவ்வளவு, அதில் என் பங்கு எவ்வளவு, அது எப்போது வரும் என்ற மூன்றும் எல்லோருக்கும் கண்ணால் காணத்தக்கதாக இருந்தால்தான் தலைமடைக்காரர் கை தானே தளரும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

மடை இரண்டு ஜாதி என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஒன்று, நீர்மட்டத்துக்குக் கீழே குழாயோ துளையோ வைத்து நீரை விடுவது. ஏரியின் தூம்பு அவ்விதமானது. மற்றொன்று, கல்லின் தலைக்கு மேல் நீரை வழியவிடுவது; ஏரியின் கலிங்கு அவ்விதமானது. துளையின் மேல் நிற்கும் நீரின் உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், துளை வழியே போவது இருபதில் ஒரு பங்குதான் கூடும்; வழியும் கல்லின் மேல் உயரம் அதே அளவு கூடினால், போவது இருபதில் மூன்று பங்கு கூடிவிடும். ஏரி கட்டிய நம் முன்னோர் இந்தக் கணக்கை எழுதி வைத்தார்களோ இல்லையோ, வயலுக்கு ஒரே சீராகப் போக வேண்டிய நீரைத் தூம்பிலும், மட்டத்தைக் காக்கும் பொருட்டு விரைந்து வெளியேற்ற வேண்டிய மிகை நீரைக் கலிங்கிலும் விட்டதைப் பார்க்கும்போது, அதன் தத்துவத்தை அநுபவத்தில் கண்டிருந்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது இதை வாய்க்காலுக்குப் பொருத்திப் பார்ப்போம். தாய்வாய்க்காலின் குறுக்கே கலிங்கு போன்ற தாழ்ந்த கற்சுவரும், பக்கத்து வயலுக்குக் குழாயும் வைத்தால் என்ன ஆகும்? வாய்க்காலில் நீர் கூடினாலும் குறைந்தாலும் குழாயில் போவது ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். கூடுதலும் குறைவும் முழுவதும் சுவரைத் தாண்டிக் கீழே போய்விடும். அதாவது தலைமடைக்கு எந்நாளும் சீரான நீர். கடைமடைக்கு வெள்ள நாளில் வெள்ளம், பஞ்ச நாளில் வறட்சி. பொறியியல் நோக்கில் இது குற்றமற்ற ஏற்பாடு என்று சொல்லுவார்கள். புதிதாக வாய்க்கால் கட்டும்போது சுலபமாக இருப்பதும் இதுவே. ஆனால் இதில் தர்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பற்றாக்குறை வரும்போது அதை யார் தாங்குவது என்ற கேள்விக்கு, கடைசியில் இருப்பவனே தாங்கட்டும் என்று கல்லிலும் சிமெண்டிலும் எழுதி வைத்துவிடுவது போன்றது அது.

வேறொரு விதம் உண்டு. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில், நேரே செல்லும் கிளைக்கும் பக்கத்தில் திரும்பும் கிளைக்கும் ஒரே மட்டத்தில், ஒரே வடிவில் கல் பதித்து, இரண்டின் மேலும் நீர் வழிந்து விழும்படி செய்து, ஒவ்வொரு வாயின் அகலத்தை மட்டும் அதன்கீழ் உள்ள நிலத்தின் பரப்புக்குத் தக்கபடி வகுத்துவிடுவது. அறுபது ஏக்கருக்கு மூன்று அடி அகலமென்றால் இருபது ஏக்கருக்கு ஓர் அடி. தண்ணீர் மிகுதியாக வந்தாலும் குறைந்து வந்தாலும், இரண்டு வாயின் மேலும் வழியும் உயரம் ஒன்றாகவே இருக்குமாதலால், மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மாறாது. சுபிட்சம் வந்தால் இருவருக்கும். பஞ்சம் வந்தால் இருவருக்கும். திருப்ப வேண்டிய ஷட்டர் இல்லை, திருகு இல்லை, சாவி இல்லை. திருட்டு நடந்தால் பகலில் நடந்து போகிற குழந்தைக்குக் கூடத் தெரிந்துவிடும்.

இது என் கற்பனையன்று. பாலித் தீவின் நெல் வயல்களில் மரத்தில் வாய் வெட்டிக் குறுக்கே கிடத்தி இவ்வாறே பங்கிட்டு வந்திருக்கிறார்கள்; நேபாள மலைச்சரிவுகளிலும் இதே வழக்கம் உண்டு. ஸ்பெயின் தேசத்து வலென்சியாவில் தூரியா ஆற்றின் வாய்க்கால்களில் ஃபிலா என்பது நீரின் நிலையான அளவைக் குறிப்பதன்று, வருகிற நீரில் ஒரு பங்கைக் குறிப்பது. அந்தப் பங்கு பற்றிய விவகாரங்களை, எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் தாமே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், வியாழக்கிழமைதோறும் நண்பகலில் அந்நகரத்துப் பேராலயத்தின் அப்போஸ்தலர் வாயிலில் அமர்ந்து, வக்கீலும் காகிதமும் இன்றி வாய்மொழியாகவே விசாரித்து அப்போதே தீர்ப்பளிக்கிறார்கள். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் அந்தச் சபையை யுனெஸ்கோ 2009-இல் மனித குலத்தின் பாரம்பரியச் சொத்துக்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்த விவரத்தைப் பராந்தக சோழன் காலத்திலேயே உத்தரமேரூரில் கல்லில் வெட்டி வைத்த ஜனங்களின் மொழியைப் பேசுகிற நமக்கு, இது அந்நியமான காரியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் ஒருவரைக் காண இடுக்கி மாவட்டத்தின் கிழக்கெல்லையிலுள்ள அஞ்சுநாட்டுக்குப் போயிருந்தேன். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் அந்த ஊர்கள், நம் எருத்தேம்பதியையும் வடகரப்பதியையும் போலவே, மலையின் மறைவில் மழை குன்றிய பிரதேசம். நம்மைப் போலவே தமிழ் பேசும் குடியானவர்கள் பலர். அங்கே ஓடும் பாம்பாறு மேற்கே போகாமல் கிழக்கே திரும்பி அமராவதியில் சேருகிறது. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. அந்தப் பாம்பாற்றுப் படுகைக்கு உரியது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்துக்கு ஆதாரமான கரும்பு அந்த மலைவாய்க்கால்களின் நீரில்தான் விளைகிறது. கரும்புத் தோட்டமொன்றின் மேல் வரப்பில், வாய்க்காலின் குறுக்கே கிடத்திய ஒற்றைப் பலகைக்கல்லின் மேல் நீர் இரண்டு வாயாகப் பிரிந்து ஒரு முழம் கீழே விழுவதை நெடுநேரம் நின்று பார்த்தேன். அந்த ஒரு முழ வீழ்ச்சிதான் ரகசியம். கீழே தேங்கும் நீர் மேலே ஏறிவந்து கல்லின் தலையை மூழ்கடித்துவிட்டால், பங்கு கலைந்துவிடும். மலைச்சரிவில் வீழ்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது; நம் சமவெளியில் அதைத் தேடி எடுக்க வேண்டும். கிளை வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் கோரையும் சேறும் அடைத்து, அடிமட்டம் ஓரடி உயர்ந்துகிடக்கும்போது, எந்தப் பங்குக்கல்லும் வேலை செய்யாது. சர்க்காரின் ஊரக வேலைத் திட்டத்தில் ஆகட்டும், நாமே கூடி ஆகட்டும், தூர் எடுப்பது கடைமடைக்கு நீர் போவதற்காக மட்டுமல்ல, நடுவே உள்ள ஒவ்வொரு பங்கும் நேர்மையாக இருப்பதற்காகவுமே என்பதை இதனால் உணரலாம்.

பங்குக்கல் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரு கன அடி ஓடும் சிறு சாலின் நீரை நாற்பது வயலுக்கு நாற்பதாக வகுத்தால், எவருடைய மண்ணும் நனையாது. நாற்பது இடத்திலும் மண்ணே குடித்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே முறைத் தண்ணீர்தான் வழி. முழு ஓட்டமும் ஒருவருக்கு, குறித்த நேரம் வரை. இதற்கு வேண்டிய கணக்கு மிக எளியது. விநாடிக்கு ஒரு கன அடி என்ற ஓட்டம் ஒரு மணி நேரம் ஓடினால், ஓர் ஏக்கரில் ஏறக்குறைய ஓர் அங்குலம் நிற்கும். ஆகவே நாற்பது ஏக்கரை இரண்டங்குலம் நனைக்க எண்பது மணி நேரம், அதாவது மூன்று நாளும் எட்டு மணி நேரமும். கசிவுக்கு மேற்கொண்டு கொஞ்சம். உங்கள் சாலில் ஓடுவது எத்தனை கன அடி என்று அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இருபது அடி நேரான இடத்தை அளந்து, ஓர் உலர்ந்த இலையை மிதக்கவிட்டு, எத்தனை விநாடியில் கடக்கிறது என்று பாருங்கள். பதினாறு விநாடி என்றால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு ஒன்றேகால் அடி. அடியிலும் ஓரத்திலும் நீர் மெதுவாகப் போவதால் அதில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டால் ஓர் அடி. சாலின் அகலம் இரண்டடி, ஆழம் ஓரடி என்றால், ஓடுவது இரண்டு கன அடி. பள்ளிக்கூடத்தில் படிக்கும் நம் வீட்டுப் பெண்ணும் பையனும் இதை மாலையில் செய்து பலகையில் எழுதிவிடுவார்கள்.

முறையில் ஒரு நுட்பம் உண்டு. அதை விட்டால் சண்டை மீண்டும் வரும். தண்ணீர் தலையிலிருந்து கடைக்கு வந்து சேருவதற்குள் காய்ந்த சால் குடிக்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுவது? கடைமடைக்காரர் கணக்கில் எழுதினால் அவருக்கு ஒரு மணி நேர முறையில் அரை மணி சேறுதான் கிடைக்கும். பஞ்சாபின் வாராபந்தி முறையில், ஏழு நாளின் 168 மணி நேரத்தை நிலத்தின் பரப்புக்கு வகுக்கும்போது, சால் நிரம்பும் நேரத்தைத் தனியே கூட்டியும், கடைசியில் சாலில் தங்கி வடியும் நீரின் நேரத்தைக் கழித்தும் எழுதுகிறார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டும். முதல் சுற்றைக் கடைமடையிலிருந்து தொடங்கினால் சால் முழுவதும் ஒரேமுறையில் நனைந்துவிடும் என்பதையும் உங்கள் பரிசீலனைக்கு வைக்கிறேன்.

கல்லை ஏன் இவ்வளவு நம்புகிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். 2009 நவம்பர் வெள்ளத்தில் நம் மூலத்தறை ரெகுலேட்டர் உடைந்து, அதை நம்பியிருந்த நிலங்கள் பட்ட கஷ்டத்தை மறக்கவில்லை. 2022 செப்டம்பர் 21-ஆம் தேதி அதிகாலை இருளில், பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் ஒன்று பெயர்ந்து போய், விநாடிக்குச் சுமார் 20,000 கன அடித் தண்ணீர் சாலக்குடி ஆற்றை நோக்கிப் பாய்ந்ததையும் அறிவோம். பொறியாளரும் காவலும் உள்ள பேரணையின் மதகுச் சங்கிலியே அறுந்துபோகுமானால், யாரும் எண்ணெய் இடாத, திருகு வளைந்த, கைப்பிடி காணாமற்போன நம் சிறு ஷட்டர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுக்கும் தாய்க்கால்வாய்க்கும் ஷட்டர் இன்றியமையாதது. வெள்ளத்தில் அதை இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். வயலை நெருங்க நெருங்க அசையும் உறுப்புகள் குறையட்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆயினும் கல்லுக்கும் ஒரு மனிதன் காவல் வேண்டும். தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று பல பெயரில் வழங்கிய அந்த ஊழியரைப் பற்றி எழுதும்போது என் மனம் கனக்கிறது. பெரும்பாலும் சொந்தத்தில் ஒரு சென்ட் நிலமில்லாதவர். ஆகவே எந்த மடைக்கும் பட்சபாதமில்லாதவர். நள்ளிரவில் வாய்க்காலில் இறங்கி, பாம்பையும் பனியையும் பொருட்படுத்தாமல் ஊராரின் பயிரைக் காத்தவருக்கு, அறுவடையில் சில படி நெல் கொடுத்துக் களத்தின் ஓரத்தில் நிற்க வைத்தோம். அவர் தொட்டுத் திருப்பிய தண்ணீரை வாங்கிக்கொண்ட ஊர், அவரைத் தொட மறுத்தது. அந்த அநீதியோடு அந்தப் பணியும் மறைந்தது; அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது முற்றிலும் நியாயம். அந்தப் பணியை மீண்டும் ஏற்படுத்துவதானால், மாதச் சம்பளமும், மழைக்கோட்டும், கைவிளக்கும், விபத்துக்கு இன்ஷூரன்ஸும், எவர் மடையையும் எவரையும் கேட்காமல் அடைக்கும் அதிகாரமும் கொடுத்து, ஆணோ பெண்ணோ, எந்த ஜாதியினராயினும் சபையில் நமக்குச் சமமாக நாற்காலி போட்டு ஏற்படுத்த வேண்டும். இல்லையேல் வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் கேரளப் பாசன, நீர்ப் பாதுகாப்புச் சட்டம் பாசனக்காரர்களின் சங்கங்களுக்கு இடமளித்திருக்கிறது. நெல் விவசாயிகளின் கூட்டமைப்புகளான நம் பாடசேகர சமிதிகள் உரத்துக்கும் விதைக்கும் கூடுவதுபோல் இதற்கும் கூடலாம்.

தலைமடையிலுள்ளவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. நெல்லுக்கு எந்நேரமும் நீர் நிற்க வேண்டுமென்ற நம்பிக்கை நம் இரத்தத்தில் ஊறியது. துளையிட்ட ஒரு குழாய்த் துண்டை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் மண்ணின் மேற்பரப்புக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை காத்திருந்து பாய்ச்சினாலும் மகசூல் குறைவதில்லை என்பதைப் பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பூக்கும் பருவத்தில் வயலில் நீர் தேங்கி நிற்க வேண்டும் என்பது அவர்கள் எச்சரிக்கை. வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிக்கொள்ளும். ஒரு வயலில் ஒரு போகம் மட்டும் பரீட்சித்துப் பாருங்கள். குழாயை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். நீங்கள் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு அங்குலமும் எண்பது மணி நேர முறையில் கீழே யாரோ ஒருவருடைய பொதிக் கதிருக்குப் போய்ச் சேருகிறது.

கடைமடையில் இருக்கும் நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. நம் பங்கு வரவில்லை என்பதற்காக, இரவில் மேலே போய் அடுத்தவர் மடையை மண்வெட்டியால் வெட்டிவிட்டு வரும் பழக்கத்தை நாமும் விட வேண்டும். வெட்டப்பட்ட கரை அடுத்த மழையில் உடைந்து, தலையிலும் இல்லாமல் கடையிலும் இல்லாமல் ஓடையில் போன தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதியபின், செய்யவேண்டிய காரியம் ஒன்றை முன்வைக்கிறேன். தண்ணீர் திறக்கும் தேதியை அறிவித்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், வாய்க்கால் இன்னும் காய்ந்துகிடக்கும்போதே, எங்கள் கிளையின் தலைமடையிலிருந்து கடைமடை வரை எல்லோரும் சேர்ந்து நடந்து, ஒவ்வொரு மடையின் அடிக்கல் எந்த மட்டத்தில் இருக்கிறது, வாய் எத்தனை அங்குலம், அதன்கீழ் எத்தனை ஏக்கர் என்று எழுதிக்கொண்டு போவோம். மட்டம் பார்ப்பதற்கு மேஸ்திரிகள் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாய் போதும். பிற கிளைகளிலுள்ளவர்கள் வந்து பார்த்துத் தங்கள் கிளையிலும் அவ்வாறே செய்யலாம். எங்கள் பழைய தலைமடை நிலத்தை இப்போது என் தமையனாரின் மகன் உழுதுவருகிறான். நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சித்தப்பா, அந்தக் கல்லை நாமே தூக்கி வைத்துவிடலாம்" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நடை தொடங்குவதற்கு முன்னால், அந்தக் கல்லைத் தோண்டி எடுத்து, நான்கு விரற்கடை உயர்த்தி, இம்முறை பகலில், உங்கள் முன்னிலையில் பதிக்கப்போகிறோம். தவறாமல் வாருங்கள்.

தங்கள் ஊழியன்,
கடைமடை விவசாயி ஒருவன்,
கொழிஞ்சாம்பாறைப் பக்கம், சித்தூர்த் தாலுகா